வெயிலுக்குப் பைக் டயரில் காற்றைக் குறைக்கலாமா?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரைப் பஞ்சர் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வெயிலு மண்டையப் பொளக்குதுண்ணே, ரெண்டு பாயிண்டு கொறச்சு விடுங்க. மேலூர் போறதுக்குள்ள வெடிச்சுரப் போகுது." கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் குறைத்து விடுவார். பயம் நியாயமானதுதான், வைத்தியம்தான் தலைகீழ்.

டயர் சூடாவதற்கு வெயிலும் தார்ச்சாலையும் ஒரு பங்கு காரணம். இன்னொரு பங்கு டயருக்குள்ளேயே பிறக்கிறது. தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கும், மேலே போகும்போது விரியும். 18 அங்குலச் சக்கரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 9 முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் பக்கவாட்டு ரப்பர் மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கை சுடுமே, அதே கதைதான். காற்றுக் குறைந்தால் மடிப்பு ஆழமாகும், சூடு கூடும், உள்ளிருக்கும் நூல் அடுக்கு ரப்பரிலிருந்து பிரியத் தொடங்கும். ஏற்கெனவே வெடிப்பு விட்ட பழைய டயரில் பாரமும் ஏற்றிக் காற்றையும் குறைத்து ஓட்டினால், பயந்தது நடந்தே தீரும்.

கணக்காகவே பார்ப்போம். காலையில் 27 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு, கடையில் சொல்லும் "பாயிண்டு") இருந்த டயர், ஓட்டத்தில் உள்காற்று 57 டிகிரி ஆகும்போது 32-ஐத் தொடும். இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் வண்டிக் கம்பெனி, குளிர்ந்த டயருக்கான எண்ணைக் கொடுக்கிறது. நல்ல டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த 32-ஐப் பார்த்துப் பதறி 28-க்கு இறக்கினால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 24-தான் இருக்கும். சூடான டயரிலிருந்து ஒருநாளும் காற்றைப் பிடுங்கக் கூடாது என்பது இதனால்தான்.

குளிர்ந்த டயர் என்றால் நிழலில் குறைந்தது மூன்று மணி நேரம் நின்றது. மத்தியானம் சிமெண்டுத் தரையில் வெயிலில் காய்ந்த வண்டி, ஓடாமலே நின்றிருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. விடிகாலையில் மெதுவாக ஒன்றிரண்டு கி.மீ. ஓட்டிப் பெட்ரோல் பங்க் போனால் பாதகமில்லை. பங்க் தொலைவில் இருந்தால் ஒரு வழி உண்டு. வீட்டிலேயே சொந்தக் கேஜில் (காற்றழுத்தம் காட்டும் கருவி) பாருங்கள். 28 வேண்டிய இடத்தில் 23 என்றால் குறை 5. பங்க் போய்ச் சேர்ந்ததும் அதே கேஜ் 26 காட்டினால் 31 வரை அடிக்கச் சொல்லுங்கள். காலையில் 28-இல் வந்து நிற்கும். பெட்ரோல் பங்க்குகளில் காற்று இலவசம், கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

சரி, எந்த எண்? "முன்னாடி முப்பது, பின்னாடி நாப்பது" என்று எந்த வண்டி வந்தாலும் அடிக்கிற பையனை நம்ப வேண்டாம். உங்கள் வண்டியின் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியிலோ முன்பக்கத்திலோ தேடுங்கள். உரிந்து போயிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் உண்டு. 100, 125 சிசி பைக் பலவற்றில் தனியாக ஓட்ட முன் 25, பின் 28. பின்னால் ஆள் ஏறினால் சில வண்டிகள் பின்சக்கரத்துக்கு 32 கேட்கும், சில 40-ஐ ஒட்டிக் கேட்கும். சக்கர அளவு ஒன்றாக இருந்தாலும் எண் மாறுகிறது, ஆகவே பக்கத்து வீட்டு வண்டியின் எண் உங்களுக்கு உதவாது. ஸ்டிக்கரில் சதுர செ.மீ.-க்கு இத்தனை கிலோ என்று போட்டிருந்தால் 14.2-ஆல் பெருக்குங்கள், 2.00 என்றால் 28. கேபிஏ (kPa) என்ற அளவில் 200 என்றிருந்தால் 29.

டயரின் பக்கவாட்டில் அச்சடித்த பெரிய எண்ணைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. அது அந்த டயர் முழுப் பாரம் சுமக்கும்போதைய உச்ச எண். உங்கள் வண்டிக்கான அளவு அது இல்லை.

ஆள் ஏறும்போது கூடும் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்கும். அதனால்தான் முன்சக்கர எண் பல வண்டிகளில் மாறுவதே இல்லை. பால்காரர் இரண்டு 40 லிட்டர் கேன் தொங்கவிட்டால் பால் மட்டுமே 82 கிலோ. ஒரு முழு ஆளை விட அதிகம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து விடிவதற்குள் மல்லிகை மூட்டையோடு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வருகிறவருக்கும் இதுதான். இவர்கள் ஸ்டிக்கரில் உள்ள இருவர் எண்ணையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும்போது வண்டி வெறுமையாக, கொஞ்சம் துள்ளும். வேகத்தைக் குறைத்தால் போதும். ஆனால் 100 சிசி வண்டிகள் பலவும் ஓட்டுபவரையும் சேர்த்து 130 முதல் 150 கிலோவுக்குள்தான் சுமக்கலாம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நான்கு பேர் ஒரே வண்டியில் போனால், அதற்கு ஏற்ற காற்று என்று எந்த எண்ணும் இல்லை.

அளவு தவறியதைத் தேய்மானமே காட்டிக்கொடுக்கும். நடுவில் ரிப்பன் போல ஒரு பட்டை மட்டும் வழவழப்பாகியிருந்தால் காற்று அதிகம். மணல் சிதறிய சாலையில் பிரேக் பிடித்ததும் இந்த டயர் வழுக்கும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்து நின்றால் காற்றுக் குறைவு. முன்சக்கரத்தில் குறைந்தால் ஹேண்டில் கனக்கும், மெதுவாகத் திருப்பும்போது வண்டி உள்ளே விழப் பார்க்கும். பின்சக்கரத்தில் குறைந்தால் வளைவில் பின்புறம் ஆடும், மைலேஜும் இறங்கும். டியூப் டயரில் இன்னொன்றையும் கவனியுங்கள்: வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், டயர் ரிம்மில் நழுவி டியூப்பையும் இழுத்திருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் வால்வு அடியோடு கிழியும். அதற்கு ஒட்டுப்போட முடியாது, புது டியூப்தான். பள்ளத்தில் இறங்கியபின் டியூப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் ஆணியைத் தேடாதீர்கள். ரிம் டியூப்பைக் கடித்திருக்கிறது. அதற்கும் காரணம் காற்றுக் குறைவே.

மழைக்காலத்தில் பிடிப்புக்காகக் குறைப்பதும் வேண்டாம். தேங்கிய நீரைக் கிழித்துக்கொண்டு போகச் சரியான அழுத்தம் வேண்டும். காசு கொடுத்து நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். பணம் மிச்சம்.

அந்தப் பணத்தில் ஒரு டயல் கேஜ் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். 60 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டுவதாக இருக்கட்டும். லாரிக்கான கேஜில் கோடுகள் நெருக்கமாக இருப்பதால் 28-க்கும் 32-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வால்வில் நேராக அழுத்துங்கள். புஸ் என்று சத்தம் தொடர்ந்து வந்தால் கேஜ் சரியாக உட்காரவில்லை, எண் குறைவாகவே காட்டும்.

வாரம் ஒருமுறை பாருங்கள். பஞ்சர் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இறங்கும், டியூப்பில் இன்னும் கூடும். வாரத்துக்கே மூன்று நான்கு இறங்கினால் முதல் சந்தேகம் வால்வு பின்மேல். எச்சிலோ சோப்பு நீரோ தொட்டு வையுங்கள், குமிழி வரும். அடுத்தது சீமைக் கருவேல முள். டியூப்லெஸ் டயரில் அது குத்தி நின்றபடியே நாள் கணக்கில் மெதுவாகக் கசியவிடும். பஞ்சர் கடை போய்ச் சேரும்வரை அதைப் பிடுங்காதீர்கள். ஆனால் ராத்திரி வண்டியை நிறுத்தும்போது 32 காட்டி, காலையில் 28 காட்டினால் அது கசிவு இல்லை, சூடு இறங்கியது. கசிவைக் கண்டுபிடிக்க ஒரு விடிகாலை அளவை இன்னொரு விடிகாலை அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.