ஊட்டிவிட்டும் உடம்பு தேறாதது ஏன்?

"ரெண்டு வாய் சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்?" புற்றுநோய் வந்தவரிடம் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் கெஞ்சுகிறோம். அவர் தட்டைத் தள்ளுவது வீம்பினால் அல்ல. கட்டியும் அதை எதிர்க்கும் தடுப்பாற்றல் செல்களும் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களை ரத்தத்தில் கலக்கின்றன. அவை மூளையில் பசியை அடக்குகின்றன. ஜிடிஎஃப்-15 என்ற புரதம் மூளைத்தண்டுக்கே போய்க் குமட்டலைத் தூண்டுகிறது. ஆசையாகச் சாப்பிட்ட மீன் குழம்பின் வாசனைகூட அவருக்குப் பிடிக்காமல் போகலாம்.

பட்டினி கிடக்கும் உடல் கொழுப்பை எரித்துத் தசையைக் கூடியவரை காப்பாற்றும். இந்த நோயிலோ தசையும் சேர்ந்தே கரைகிறது. அதனால்தான் சாப்பாட்டால் மட்டும் இழந்ததை முழுதாக மீட்க முடிவதில்லை. ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 3 கிலோவுக்கு மேல் இளைத்தால், மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மருந்து தேடியதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. வயிறு, நுரையீரல், கல்லீரல்-பித்தப்பை-கணையப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கிய 124 பேரிடம் புதுச்சேரி ஜிப்மரில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு மனநோய்க்குத் தரும் ஓலான்சபின் மாத்திரை, தினம் 2.5 மில்லிகிராம், 12 வாரம்; மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை. முடிவுவரை கணக்கில் வந்தவர்களில், ஓலான்சபின் எடுத்தோரில் 60 சதவீதத்தினருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. மருந்தில்லா மாத்திரை எடுத்தோரில் 9 சதவீதத்தினருக்குத்தான். விலை குறைந்த பழைய மாத்திரை இது! மருத்துவர் எழுதித் தந்திருந்தால், மனநோய் மருந்தாச்சே என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். தூக்கம் வரலாம், அதையும் அவரிடமே கேளுங்கள்.

சாப்பாட்டைச் சிறுசிறு அளவாக, பலமுறை கொடுங்கள். வெறும் கஞ்சி போதாது. முட்டை, தயிர், பருப்பு, காரம் குறைத்த சுறாப்புட்டு என்று புரதம் சேரட்டும்.

விழுங்கும் சிக்கல் இரண்டு வகை. உணவுக்குழாயில் கட்டி அடைத்தால் முதலில் இட்லி, சோறு சிக்கும், தண்ணீர் இறங்கும். தொண்டைத் தசை பலவீனமானால் நேர்மாறு: தண்ணீர்தான் வேகமாக மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், கெட்டியான கூழ் பெரும்பாலும் அதைவிடப் பத்திரமாக இறங்கும். ஆகவே எதில் சிக்கல் என்று தெரியாமல் எல்லோருக்கும் கரைத்துக் கொடுப்பது தவறு. சாப்பிடும்போது இருமல், அப்புறம் தொண்டையில் நீர் நிற்பதுபோல் களகளவென்ற குரல், அடிக்கடி காய்ச்சல் என்றால் உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்று சோதிக்க வேண்டும். உணவுக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்க உலோக வலைக்குழாய் வைப்பார்கள். கதிர்வீச்சில் தொண்டை புண்ணானவருக்கு மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய் பெரும்பாலும் தற்காலிகம்தான்; புண் ஆறி விழுங்க முடிந்ததும் எடுத்துவிடுவார்கள்.