அரசாங்க பேஜ்ல கமென்ட் போட்டா அது மனுவா?

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் தென்பெண்ணையில வெள்ளம் வந்து நம்ம கடலூர்ல ஆத்தோரத் தெருவெல்லாம் மூழ்கிடுச்சு. எங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி. ஒரு ஆபீஸோட பேஸ்புக் பேஜ்ல போட்டோவோட கமென்ட் போட்டேன், ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா கீழ நாலு பேரு "எங்க ஏரியாவும் தான் சார்"னு எழுதியிருக்காங்க, ஆபீஸ்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. பக்கத்து வீட்டு அக்கா, 2000 ரூபா நிவாரணம் அறிவிச்சிருந்த நேரம்கிறதால, ஆதார் கார்டையே போட்டோ எடுத்து கமென்ட்ல போட்டுட்டாங்க, ஓடிப்போய் அழிக்க வச்சேன்.

அரசாங்க ஆபீஸ் சோஷியல் மீடியாவுல எப்படி நடந்துக்கணும்னு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2012லயே ஒரு வழிகாட்டி போட்டிருக்கு. அதுல நமக்கு முக்கியமானது இது: கமென்ட்டுக்கு பதில் சொல்லுவோமா மாட்டோமா, சொன்னா எத்தனை நாள்ல, அந்தப் பதிலை ஆபீஸோட பதிலா எடுத்துக்கலாமா, இதையெல்லாம் முதல்லயே தெளிவா சொல்லிடணும். எல்லா கமென்ட்டுக்கும் தனித்தனியா பதில் சொல்லணும்னு அது கேக்கல, அது நியாயம்தான், ஆனா பார்ப்போமா மாட்டோமான்னே சொல்லாம கமென்ட் பாக்ஸை மட்டும் தொறந்து வச்சா தண்ணிக்குள்ள நிக்கிறவன் ஆபீஸ்ல சொல்லியாச்சுன்னு நம்பி உக்காந்துடுவான், வேற எங்கயும் போய்ச் சொல்ல மாட்டான், அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

ஆன்லைன்ல சொன்ன தகவலுக்கு பதிவு வச்சுக்கணும், லாகின், பாஸ்வேர்டையெல்லாம் முறையா பதிவு பண்ணி வச்சிருக்கணும், ஆபீஸ் கணக்கு எது அதிகாரியோட சொந்தக் கணக்கு எதுன்னு தெரியணும்னும் அதுல இருக்கு.

அதனால நீங்க பேஜுக்குப் போனதும் அபௌட் பகுதியைப் படிங்க. பதில் பத்தி ஒண்ணும் எழுதலைன்னா கமென்ட்டை மனுன்னு நெனைக்காதீங்க. வெள்ளம் மாதிரி அவசரம்னா 1077, அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. மத்த குறைக்கு தமிழ்நாட்டுல 1100, இல்லாட்டி திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம். ஏதாவது தகவல் வேணும்னா தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கு, 10 ரூபா கட்டி எழுதிக் கொடுத்தா 30 நாளைக்குள்ள பதில் தரணும், தமிழ்லயே எழுதலாம். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் நம்பர் எதையும் கமென்ட்ல போடவே போடாதீங்க, யாரு கேட்டாலும் சரி.

நான் அந்தக் கமென்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டு, தேதி தெரியுற மாதிரி மனுவோட பின் பண்ணி ஒரு திங்கக்கெழமை கொடுத்தேன், கையில ரசீது வந்துச்சு, அதுல ஒரு நம்பர் இருந்துச்சு.