சர்ப்ளஸ் துப்பாக்கி: உபரியா, மிச்சமா?

பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் சகஜமாகப் புழங்கும் சொல் மில்சர்ப். மிலிட்டரி, சர்ப்ளஸ் இரண்டையும் வெட்டி ஒட்டியது. படை தனக்கு இனி வேண்டாம் என்று விற்றுவிட்ட எதுவும், கூடாரம், தண்ணீர்க் குடுவை, தோல் வார், சீருடை உட்பட, இதில் அடங்கும். ஆனாலும் சேகரிப்பாளர் ஒருவர் மில்சர்ப் என்றால் பெரும்பாலும் இரண்டு உலகப்போர்க் காலத்து ரைபிள்களைத்தான் சொல்கிறார்: ரஷ்யாவின் மோசின் நகாந்த், பிரிட்டனின் லீ என்ஃபீல்டு, ஜெர்மனியின் மவுசர் 98கே, அமெரிக்காவின் எம்1 காரண்ட். தமிழில் எழுத வரும்போது கை தானாக "உபரி ராணுவத் துப்பாக்கி" என்று எழுதிவிடும். அது முழுத் தப்பு இல்லை. ஆனால் சேகரிப்பவர் எதற்காக இந்த இரும்பை நேசிக்கிறாரோ அந்தப் பொருள் அதில் வராமல் போய்விடுகிறது.

சர்ப்ளஸ் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அதற்கு மூலம் இடைக்கால லத்தீனின் சூப்பர்ப்ளஸ். சூப்பர் என்றால் மேலே, ப்ளஸ் என்றால் அதிகம். அந்த சூப்பரும் சமஸ்கிருத உபரியும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் கிளைத்தவை, உபரிக்கும் மேலே என்பதுதான் முதற்பொருள். ஆக, உபரி என்று எழுதுகிறவர் தெரியாமலே சர்ப்ளஸின் உறவுக்காரச் சொல்லைத்தான் எடுத்திருக்கிறார். பிறப்பை மட்டும் பார்த்தால் இதைவிட நெருக்கமான சொல் கிடைக்காது.

தமிழில் அது புழங்கும் இடம்தான் வேறு. அணை நிரம்பினால் உபரிநீர் திறக்கிறார்கள், நில உச்சவரம்புக்கு மேலே இருப்பது உபரி நிலம், செலவு போக நிற்பது உபரி வருவாய். அளவு ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டியது உபரி. அதை யாரும் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. (ஏரியில் உபரிநீர் வெளியேறும் இடத்தைப் பொறியாளர்கள் சர்ப்ளஸ் வெய்ர் என்கிறார்கள், நம்மிடம் அதற்குக் கலிங்கு என்ற அழகான சொல் எப்போதிருந்தோ இருக்கிறது.)

இப்போது ஒரு மோசின் நகாந்தை எடுத்துக்கொள்வோம். 1891இல் ரஷ்யப் படை ஏற்ற வடிவம், 3 கோடிக்கும் மேல் செய்யப்பட்டது. ரஷ்யாவின் துலா ஆலையிலோ இஷெவ்ஸ்க் ஆலையிலோ செய்த துப்பாக்கி, இரண்டாம் உலகப்போரில் யார் கையிலோ இருந்து, போர் முடிந்ததும் ஆயுதக் கிடங்குக்குத் திரும்பி, பழுது பார்க்கப்பட்டு, மரக்கட்டைக்குப் புதிதாக அரக்கு பூசப்பட்டு, உடம்பெல்லாம் கிரீஸோடு பெட்டிக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து, சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு கப்பல் ஏறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இந்தக் கிரீஸைச் சேகரிப்பாளர்கள் காஸ்மோலின் என்கிறார்கள். துருப் பிடிக்காமல் காக்கும் கெட்டி மசகு, கட்டையின் நரம்புக்குள் எல்லாம் இறங்கியிருக்கும், சூடு காட்டிக் காட்டித்தான் எடுக்க வேண்டும். இந்தத் துப்பாக்கி அளவுக்கு மேலே செய்துவிட்டதால் விற்பனைக்கு வரவில்லை. அது தன் வேலையைச் செய்து முடித்தது, அதற்குப் பிறகும் மீந்து நிற்கிறது.

அதனால் நான் சொல்வது படைமிச்சம். மிகு, மிஞ்சு, மிச்சம் எல்லாம் ஒரே குடும்பம், தமிழ் வேர். மிச்சத்தின் பழைய வடிவம் மிச்சில், 85ஆம் குறளில் வருகிறது: விருந்தினரை உண்ணவைத்த பிறகு மீந்ததை உண்பவனைப் பற்றிய குறள். அங்கே மிச்சில் என்பது தேவைக்கு மேல் சமைத்ததைச் சொல்லவில்லை, வந்தவர் உண்டபின் நிற்பதைச் சொல்கிறது. போர் தின்று முடித்தபின் நிற்பதற்கு இதைவிட நேரான சொல் எனக்குத் தெரியவில்லை.

இது வடமொழி விலக்கும் வேலை இல்லை. துப்பாக்கியே துருக்கியிலிருந்து வந்த சொல், தெலுங்கில் துபாகி, அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. சுடுகலன் என்ற ஆக்கம் எல்லா வகைக்கும் பொதுவாகப் பயன்படும், ரைபிள் ரைபிளாகவே இருக்கட்டும். பொருள் பிசகும் இடத்தில் மட்டும்தான் எனக்கு வழக்கு.

இந்த வணிகத்தின் கதையிலும் மிச்சம்தான் தெரிகிறது. நியூயார்க்கின் பிரான்சிஸ் பானர்மன் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின் படைச் சரக்கை ஏலத்தில் வாங்கி விற்று வளர்ந்தவர். 1898இல் ஸ்பெயினுடனான போர் முடிந்ததும் அவர் வாங்கிக் குவித்த வெடிமருந்தை நகரத்துக்குள் வைக்க முடியாமல், ஹட்சன் ஆற்றில் பாலப்பெல் தீவை வாங்கி அங்கே கோட்டை போல ஒரு கிடங்கே கட்டினார். 1920இல் அங்கே வெடிமருந்து வெடித்து ஒரு பகுதி தகர்ந்தது. இடிந்த சுவர்கள் இன்றும் ஆற்றின் நடுவே நிற்கின்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இந்தச் சந்தை இன்னும் பெரிதாகி, தபாலிலேயே ரைபிள் வாங்கலாம் என்ற நிலை வந்தது. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கார்கானோ ரைபிள் அப்படித் தபாலில் வாங்கியதுதான், தொலைநோக்கியோடு விலை 19.95 டாலர். 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தபால் விற்பனையை ஒடுக்கியது, படைமிச்ச இறக்குமதியையும் நிறுத்தியது. 1984இல்தான் ஐம்பது ஆண்டு கடந்த பழம்பொருள் வகைக்கு மறுபடி கதவு திறந்தது.

பிரிட்டிஷ் துப்பாக்கியில் இந்தச் சொல்லின் பொருள் இரும்பிலேயே கொத்தப்பட்டிருக்கும். அரசாங்கச் சொத்து என்பதற்கு அம்பு முத்திரை. படையிலிருந்து விற்றுவிட்டால் எதிரே இன்னொரு அம்பைத் தலைகீழாகக் குத்துவார்கள், இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்க்கும். சேகரிப்பவர் கண் முதலில் போவது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். எந்த ஆலை, எந்த ஆண்டு, போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா, பின்லாந்து கைப்பற்றிய மோசின் என்றால் பின்லாந்துப் படையின் எஸ்ஏ முத்திரை இருக்கிறதா என்று. இவற்றையெல்லாம் தேய்த்துப் பளபளப்பாக்கி, முன்கட்டையை அறுத்து வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியதை ஸ்போர்ட்டர் என்பார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எழுபது ஆண்டு வரலாற்றை ஒரு ரம்பம் அரை மணியில் தின்றுவிடுகிறது.

உபரி என்று சொல்லத் தகுந்த துப்பாக்கிகளும் இல்லாமல் இல்லை. அயர்லாந்துக்காக பிரிட்டனின் ஃபசகெர்லி ஆலையில் செய்த நம்பர் 4 மார்க் 2 லீ என்ஃபீல்டுகளில் பல, கிரீஸும் காகிதமும் சுற்றிய சுற்று பிரியாமலே பிற்காலத்தில் அமெரிக்காவுக்கு வந்தன. யாரும் தோளில் சுமக்காதவை. அவற்றை உபரி என்றே எழுதுங்கள், அங்கே அந்தச் சொல் கச்சிதம்.

பக்கத்துச் சொற்களையும் பிரித்து வைத்துக்கொண்டால் நல்லது. அரசு அலுவலகத்தில் கண்டம் பண்ணுவது என்கிறோமே, கண்டம் செய்த ஜீப், கண்டமான பேருந்து, அது இனி உதவாது என்று எழுதித் தள்ளியது. படைமிச்சம் அப்படி இல்லை, பெரும்பாலும் இன்றும் சுடும். கழிவு என்பதும் அதனாலேயே பொருந்தாது. அப்புறம் சிப்பாய் போர்க்களத்தில் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது தனி வகை, அதைப் பிரிங்பேக் என்கிறார்கள். ஜப்பானிய அரிசாகா ரைபிளில் பேரரசரின் செவ்வந்திப்பூ முத்திரை இருக்கும். சரணடைந்தபின் ஒப்படைத்தவற்றில் பெரும்பாலும் அதை அரவியிருப்பார்கள், பூ அப்படியே இருந்தால் களத்தில் எடுத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், விலையும் அதிகம். இதற்குச் சங்கத் தமிழில் கொண்டி என்ற சொல் தயாராக இருக்கிறது, பகைவரிடமிருந்து கொண்ட பொருள்.

நம் நாட்டில் தனியார் இப்படிச் சேகரிப்பது நடைமுறையில் இயலாத காரியம். லீ என்ஃபீல்டின் 303 துளையே தடைசெய்யப்பட்ட வகை. ஆனால் நம் சரக்கு அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. வங்காளத்தின் இஷாப்பூர் ஆலை 1960களில் லீ என்ஃபீல்டு வடிவத்தை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு ஏற்றுச் செய்த 2ஏ, 2ஏ1 ரைபிள்கள் அமெரிக்கச் சேகரிப்பாளர் அலமாரிகளில் நிற்கின்றன, இந்தியப் படைமிச்சம் என்ற பெயரில். உத்தரப் பிரதேசக் காவல்துறை தன் த்ரீ நாட் த்ரீ (303) ரைபிளுக்கு 2020 குடியரசு நாளில்தான் விடைகொடுத்தது.

எழுதும்போது படைமிச்சத் துப்பாக்கி, படைமிச்சச் சேகரிப்பு, படைமிச்ச வணிகம் என்று சேர்த்தே எழுதலாம். பேச்சில் "இது மிலிட்டரி மிச்சம்" என்றாலும் போதும், கேட்பவருக்கு உடனே புரியும்.