எட்டாம் வசனத்தையும் வாசியுங்கள்

நாகர்கோவிலில் வக்கீலாக இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் வரும் பாகப்பிரிவினை வழக்குகளில் நிறைய கிறிஸ்தவக் குடும்பங்கள். நானும் சபைக்குப் போகிறவள்தான், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா வந்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா இருக்கிறார், ஒரே அண்ணன். நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து பந்தி எடுத்த கையோடு, "பேங்க் லோனுக்கு உன் கையெழுத்து வேணும், நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்திரு" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இவரும் போய்க் கையெழுத்துப் போட்டார். அது விடுதலைப் பத்திரம். 42 சென்ட் விளையில் (தோட்ட நிலத்தில்) தனக்குள்ள பாத்தியதையை ஐந்து லட்சம் ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது. கையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஏழு மாதம் கழித்து நகலை வாசித்தபோதுதான் விஷயமே தெரிந்திருக்கிறது.

"கேஸ் போட்டா ஜெயிக்குமா?" என்று அவர் கேட்கவில்லை. "கேஸ் போட்டா பாவமா, வக்கீலம்மா?" என்றுதான் கேட்டார்.

அண்ணன் சபைக் கமிட்டியில் இருப்பவர். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்று பவுல் எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம். மேசையில் இருந்த வேதாகமத்தைத் திறந்து அடுத்த வசனத்தை அந்த அக்காவையே வாசிக்கச் சொன்னேன். நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், நஷ்டப்படுத்துகிறீர்கள், அதையும் சகோதரருக்கே செய்கிறீர்களே என்று பவுல் அங்கே கடிந்துகொள்கிறார். ஏழாம் வசனத்தை இழந்தவரிடம் நீட்டுகிறவர்கள், எடுத்துக்கொண்டவருக்கு எழுதப்பட்ட எட்டாம் வசனத்துக்கு வருவதே இல்லை. இத்தனை வருடத்தில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். பொறுமை, மன்னிப்பு, விட்டுக்கொடுத்தல் என்று கிறிஸ்தவ ஒழுக்கம் முழுவதையும் தங்கச்சியின் தலையில் வைத்துவிடுகிறோம். மூலப்பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பவரிடம் யாரும் வசனம் பேசுவதில்லை.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்கள். சொத்தைப் பங்கிட்டுத் தரச் சொல்லுங்கள் என்று ஒருவன் கேட்டதற்கு, என்னை உங்களுக்கு நியாயாதிபதியாக வைத்தது யார் என்று இயேசுவே கேட்டாரே, அப்புறம் பங்கு கேட்கலாமா என்று. லூக்கா 12-ஐத் தொடர்ந்து வாசியுங்கள். பொருளாசையைக் குறித்து எச்சரித்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானின் கதையை அவர் சொல்கிறார். அந்தக் கதை களஞ்சியம் வைத்திருப்பவனுக்கும் சேர்த்துத்தானே?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 1956-க்கு முன்பு திருவிதாங்கூரில் இருந்த தாலுகாக்கள் நம்முடையவை. அங்கே 1916-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலோ அதுவும் கிடையாது. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். அதன்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் வித்தியாசம் இல்லை. அந்த அக்கா குடும்பத்தில் அம்மாவுக்கு 14 சென்ட், அண்ணனுக்கு 14, இவருக்கு 14.

"நகை போட்டுத்தானே கெட்டிக் குடுத்தோம், இனி என்ன பங்கு?" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது செத்துப்போன அந்தப் பழைய சட்டத்தின் குரல். வேதாகமத்தில் அதற்கு ஆதாரம் தேடுகிறவர்கள் எண்ணாகமம் 27-ஐ வாசிக்கட்டும். செலொப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள் மோசேயின் முன்னால் வந்து நின்று அப்பாவின் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னார். அவர்களுக்கு அண்ணன் தம்பி கிடையாதே என்பீர்கள். சரி, யோபு 42-க்கு வாருங்கள். ஏழு மகன்கள் இருந்தும் மூன்று மகள்களுக்கும் சகோதரர்கள் நடுவே சொத்துக் கொடுத்தார் யோபு.

பெண்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பத்திரத்தை வீட்டுக்கு வாங்கிவந்து முழுவதும் வாசியுங்கள். 'பணம் பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தால், வாங்கினீர்களா என்று பாருங்கள். ஏமாற்றி எழுதி வாங்கியது தெரியவந்தால் தள்ளிப்போடாதீர்கள், பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க, தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. எல்லாம் தெரிந்து, மனதார அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க நினைத்தால் அது உங்கள் இஷ்டம். அப்படிச் செய்தவர்களுக்கும் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், சந்தோஷமாக.

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்தவர்களான நமக்குரிய சட்டத்தில் பிறப்பால் வரும் பங்கு என்று எதுவும் இல்லை. உங்கள் சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே நியாயம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. "மகளுக்கு ரோட்டோரத்து மனை" என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது செல்லாது. இரண்டு சாட்சிகள் வைத்து உயில் எழுதுங்கள்.

அந்த அக்காவுக்காக முதலில் சபை ஐயரிடம் (போதகரிடம்) பேசினேன். தனியாகப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரோடு போ, பிறகு சபைக்குத் தெரிவி என்று மத்தேயு 18-இல் இருக்கும் வரிசை நல்ல வரிசை. எந்த வழக்கிலும் அதைத்தான் முதலில் செய்து பார்ப்பேன். ஐயர் இரண்டு முறை கூப்பிட்டும் அண்ணன் வரவில்லை. வழக்கு இப்போது நடக்கிறது.

எல்லாரும் அப்படி இல்லை. ஒரு பெரியவர், வயது அறுபதுக்கு மேல், ஒரு திங்கட்கிழமை காலையில் தானாகவே வந்தார். இருபத்தாறு வருடத்துக்கு முன் தங்கச்சியிடம் விடுதலை எழுதி வாங்கியிருக்கிறார். முந்தின நாள் திருவிருந்துக்கு முழங்காலிட முடியாமல் எழுந்து வந்துவிட்டாராம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் தெரியும்தானே என்றார். எதிராக வழக்கு இல்லை, நோட்டீஸ் இல்லை. மூன்று வருடக் கெடு எப்போதோ முடிந்திருக்கும் என்பதையும் அவரிடம் சொன்னேன். "கோர்ட்டுக்குத்தானேம்மா அந்தக் கணக்கு" என்றார்.

அந்த வாரமே தங்கச்சி பெயருக்கு செட்டில்மெண்ட் பத்திரம் தயார் செய்தோம். சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது, அவருக்கு முழங்கால் வலி என்று தங்கச்சிதான் கையைப் பிடித்துப் படியேற்றினார்.