யூபிஎஸ் பேட்டரிக்கு எமன் வெயில்தான்

கரண்ட் போனதும் பேட்டரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் யூபிஎஸ் எத்தனை வருடம் உழைக்கும் என்ற கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. எலக்ட்ரானிக் பாகங்கள் நன்றாகப் பராமரித்தால் 8 முதல் 10 வருடம் வரும். விசிறியும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களும் 5 முதல் 7 வருடத்தில் தளர ஆரம்பிக்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போவது பேட்டரி.

வீட்டிலும் கடை பில் கவுண்டரிலும் இருக்கும் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர், யூபிஎஸ்ஸின் திறன் அளவு) யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) சீல்டு பேட்டரி, அதாவது மூடி அடைத்த ஈய-ஆசிட் பேட்டரி ஒன்றுதான் இருக்கும். அதற்குச் சொல்லப்படும் 3 முதல் 5 வருட ஆயுள், 20–25 டிகிரி வெப்பநிலைக்கான கணக்கு. ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். மேசைக்கு அடியில், சிபியுவின் சூடான காற்று படும் மூலையில் வைத்த பெட்டிக்குள் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வருவது சாதாரணம். அங்கே பேட்டரி இரண்டே வருடத்தில் போனால் கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை. இடத்தை மாற்றுங்கள், சுற்றிலும் அரை அடி இடைவெளி விடுங்கள்.

மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். சும்மா இருக்கும்போது 12.8 வோல்ட் காட்டும் பேட்டரி, லோடு ஏறிய சில விநாடிகளில் 10 வோல்ட்டுக்குக் கீழே சரியலாம். உள் மின்தடை ஏறிவிட்டதன் அடையாளம் அது. சோதனை எளிது: முழு சார்ஜ் ஏறியபின் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு யூபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் இணைப்பு போய்விடும். சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைத்து, பல்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். புது பேட்டரி போட்ட அன்றே இந்த நேரத்தைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவைத்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடலாம். பாதியாகக் குறைந்தால் மாற்றிவிடுங்கள்.

தினமும் மாலையில் மெயினை அணைத்துவிட்டுப் போகும் அலுவலகங்களில் வேறொரு சிக்கல். பகலில் கரண்ட் போய் இறங்கிய பேட்டரி, சார்ஜ் ஏறாமலே இரவு முழுக்கக் கிடக்கும். தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகும். யூபிஎஸ்ஸுக்கு வரும் லைன் மட்டுமாவது அணையாமல் இருக்கட்டும்.

பேட்டரி மாற்றும்போது சார்ஜிங் வோல்ட்டேஜையும் அளக்கச் சொல்லுங்கள். முழு சார்ஜில் 13.5 முதல் 13.8 வரை இருக்க வேண்டும். 14.5 தாண்டியே நின்றால் சார்ஜர் பழுது. புதியதும் சீக்கிரமே உப்பிவிடும். மூன்று பேட்டரி உள்ள ஆன்லைன் யூபிஎஸ்ஸில் (கரண்ட் இருக்கும்போதும் இன்வெர்ட்டர் வழியாகவே மின்சாரம் தரும் வகை) மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கோர்த்தால் சார்ஜ் சமமாகப் பிரியாது, புதியதும் கெடும்.

உப்பிய பேட்டரியை நெம்பி எடுக்காதீர்கள், ஆசிட் கசியும். யூபிஎஸ்ஸை அணைத்து டெக்னீஷியனிடம் விடுங்கள். பழையதைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். குப்பையில் போடவோ, உடைத்து ஈயம் எடுப்பவரிடம் தரவோ கூடாது. அந்த ஈயத்தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.