டீகாய்ன்னா உப்புக்குச் சப்பாணி இல்லைங்க

அடிபட்ட பையனை டீகாயா, அதாவது பந்து கொடுக்காம எதிர் டீமுக்குப் போக்கு காட்ட மட்டும் ஓட விட்டு, மறுபடி அடிபட வச்சாச்சு. இந்த சீசன்ல இது மூணாவது பையன். அதனாலதான் ராத்திரி 11 மணிக்கு உக்காந்து இதை டைப் பண்றேன், கொஞ்சம் கோவமா இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் அமெரிக்காவுல ஒரு காலேஜ் ஃபுட்பால் டீம்ல (நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தைக் கையில பிடிச்சு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால்) அத்லெட்டிக் ட்ரெய்னர். ஜிம்ல எடை தூக்க வைக்கிற ட்ரெய்னர் இல்ல, கிரவுண்டுல எவனாவது விழுந்தா முதல்ல ஓடிப்போய்ப் பாக்கற ஆள். (எங்க அத்தைக்கு இதை இன்னும் புரிய வைக்க முடியல.)

பையன் ரெண்டாவது வருஷம், வைட் ரிசீவர் (ஓடிப்போய் பந்தைப் பிடிக்கறவன்), ஸ்கூல்ல 100 மீட்டர் ஓடினவன். செவ்வாய்க்கிழமை ப்ராக்டிஸ்ல தொடைக்குப் பின்னாடி சுருக்குன்னு பிடிச்சுது. முழங்காலுக்கு ஒரு சாண் மேல விரலை வச்சு அழுத்தினா முகத்தைச் சுளிக்கிறான், ஹாம்ஸ்ட்ரிங் (தொடைக்குப் பின்பக்க சதை), சின்ன கிழிசல். டாக்டரும் நானும் ரிப்போர்ட்ல 'லிமிடெட்'னு, அதாவது அளவோட ஆடட்டும்னு எழுதினோம். அந்த ஒரு வார்த்தைதான் நான் பண்ணின தப்பு. கோச்சிங் ரூம்ல அதை எப்படிப் படிச்சாங்கன்னா, "சரி, இவனுக்கு பந்து போட வேண்டாம், டீகாயா ஓடட்டும்."

அதாவது போக்கு காட்ட. வேகமான பையன் கிரவுண்டுல நின்னாலே எதிர் டீம் சேஃப்டி (கடைசில நின்னு தடுக்கற டிஃபெண்டர்) நாலடி பின்னாடி போயிடுவான், இவன் நேரா ஆழமா ஓடினா ரெண்டு டிஃபெண்டரை இழுத்துட்டுப் போயிடுவான், காலியான இடத்துல வேற ஒருத்தன் நிம்மதியா பந்தைப் பிடிப்பான். ஐடியாவைக் குறை சொல்லல. ஆரிகன் காலேஜ்ல டி'ஆன்டனி தாமஸ்னு ஒருத்தர் இருந்தார், 2012 ரோஸ் பௌல் மேட்ச்ல விஸ்கான்சினுக்கு எதிரா ஒரே ஓட்டத்துல 91 யார்டு போனவர். அப்படி ஒரு ஆள் பக்கவாட்டுல லேசா நகர்ந்தாலே எந்த டிஃபென்ஸ் கண்டுக்காம இருக்கும்? பயம்தான் டீகாயோட மூலதனம்.

ஆனா இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. கோச், அப்பா அம்மா, பையனே கூட. "பந்து அவன்கிட்ட வராது, அதனால அவனுக்கு ரெஸ்ட்தானே"ன்னு நினைக்கிறாங்க. சின்ன வயசுல தம்பி அழுவான்னு ஆட்டத்துல சேத்துக்குவோமே உப்புக்குச் சப்பாணி, அந்த மாதிரி.

இல்லவே இல்லைங்க. பந்து வரப்போறவன் கூட சில சமயம் வேகத்தைக் குறைச்சு திரும்பிப் பாத்து பந்தைப் பிடிக்கலாம். டீகாய்க்கு அந்த சலுகை கிடையாது, பந்து தனக்குத்தான் வருதுன்னு டிஃபெண்டரை நம்ப வைக்கணும்னா இருக்கற வேகம் மொத்தத்தையும் போட்டு ஓடியே ஆகணும். முக்கால் வேகத்துல ஓடினா கார்னர்பேக் (ஓரத்துல ரிசீவரைத் தடுக்கற டிஃபெண்டர்) மூணே எட்டுல கண்டுபிடிச்சு இவனை விட்டுட்டு வேற ஆளைப் பிடிக்கப் போயிடுவான், உடனே சைட்லைன்ல இருந்து "நல்லா ஓடுடா, நடிக்காதே"ன்னு சத்தம் வரும். ஹாம்ஸ்ட்ரிங் கிழியறது எப்போ? முழு வேகத்துல, முன்னாடி வீசின கால் தரையைத் தொடறதுக்கு சட்டுனு முன்னாடி. பந்து கையில இருக்கா இல்லையான்னு சதைக்குத் தெரியுமா?

அது மட்டுமில்ல. காலேஜ் ரூல் புக் படி பந்து கையில இருக்கற மாதிரி நடிக்கிறவனும் ரன்னர்தான். அதனால ஜெட் ஸ்வீப் ஃபேக்குல (பக்கவாட்டுல வேகமா ஓடி வந்து பந்தை வாங்கிட்ட மாதிரி நடிக்கிறது) எவ்வளவு நல்லா நடிக்கிறானோ அவ்வளவு நல்லா அடி விழும், ஃப்ளாகும் (ஃபவுலும்) கிடையாது. அப்புறம் 20 நிமிஷம் குளிர்ல பெஞ்ச்ல உக்கார வச்சுட்டு திடீர்னு எழுப்பி "போ, ஒரே ஒரு ப்ளே"ன்னு அனுப்புறது. இதுக்கு அவனை முழு மேட்ச் ஆட விட்டிருந்தா சதையாவது சூடா இருந்திருக்கும்.

இந்தப் பையனுக்கும் அதான் நடந்துது. மேட்ச்ல மூணாவது குவார்ட்டர். இடது ஓரமா சுமார் 40 யார்டு ஓடியிருப்பான், பந்து வலது பக்கம் போயிடுச்சு, டச்டவுன். ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து அந்தப் பக்கம் பாத்து கத்துது. இந்தப் பக்கம் இவன் கை பட்டுனு தொடைக்குப் பின்னாடி போச்சு, ரெண்டு தடவை நொண்டிட்டு அப்படியே உக்காந்துட்டான். டிவில பாத்தவங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

அவங்க அம்மா போன் பண்ணாங்க. "பந்தே அவன்கிட்ட வரலையே, எப்படி அடிபட்டுச்சு?" என்னத்த சொல்ல.

ஹாம்ஸ்ட்ரிங்தானேன்னு லேசா எடுத்துக்காதீங்க. 2019ல பர்டூ காலேஜோட ரான்டேல் மூர், முந்தின வருஷம்தான் ஆல்-அமெரிக்கன் (நாட்டுலயே சிறந்த காலேஜ் வீரர்கள்ல ஒருத்தர்னு) பட்டம் வாங்கினவர், மினசோட்டா மேட்ச்ல ஹாம்ஸ்ட்ரிங் போச்சு, அதோட அந்த சீசனே முடிஞ்சுது. ஒரு தடவை கிழிஞ்ச சதை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம், இதை எத்தனை தடவை சொல்றது.

கோச் சாருங்களுக்கு: போக்கு காட்ட நல்ல கால் இருக்கற பையனா பாத்து அனுப்புங்க. அடிபட்டவனோட பேரை வச்சு எதிர் டீமை பயமுறுத்தணும்னா, மேட்சுக்கு முன்னாடி யார் யார் ஆடுவாங்கன்னு சொல்ற அவைலபிலிட்டி ரிப்போர்ட்ல 'குவெஸ்ச்சனபிள்'னு (ஆடறது சந்தேகம்னு) வரும்போதே அவங்க அவனுக்கும் சேத்து ப்ளான் போட்டிருப்பாங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது. ப்ராக்டிஸ்ல அவனோட சொந்த டாப் ஸ்பீடுல 90 சதவீதத்துக்கு மேல, வேற வேற நாள்ல ரெண்டு தடவையாவது வலியில்லாம ஓடினா மட்டும்தான் நான் விடுவேன். வேகத்தை அளக்கற ஜிபிஎஸ் வெஸ்ட் போட்டுத்தானே ஓட விடுறீங்க, அந்த நம்பரைப் பாருங்க, பையன் மூஞ்சியைப் பாக்காதீங்க. ஆடலாமா வேண்டாமான்னு முடிவு எடுக்கறது மெடிக்கல் ஸ்டாஃப்தான், காலேஜ் விளையாட்டுக்கு ரூல் போடற என்சிஏஏவே அப்படித்தான் சொல்லியிருக்கு, கதவைச் சாத்திட்டு என்கிட்ட பேரம் பேசாதீங்க.

இங்க பசங்களை ஃபுட்பால்ல விட்டிருக்கற நம்ம ஊர் அப்பா அம்மாவுக்கு: கோச் "சும்மா டீகாயாதான்"னு சொன்னா, "எவ்வளவு வேகத்துல ஓடுவான்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்ல யோசிச்சாங்கன்னா அந்த வாரம் விடாதீங்க.

தம்பிங்களா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். வலியை மறைக்காதீங்கப்பா. மாத்திரை போட்டுட்டு வந்து "நல்லாயிருக்கேன்"னு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?

நான் இப்போ 'லிமிடெட்'னு எழுதறதையே விட்டுட்டேன். முழு ஓட்டம் ஓடலாம், இல்லன்னா ஸ்னாப் 0, ஒரு ப்ளே கூட கிடையாது. அந்தப் பையன் இன்னிக்கு நாலாவது வாரம், முட்டி போட்டு ஹாம்ஸ்ட்ரிங்குக்கான நார்டிக் பயிற்சி பண்ணிட்டே கேக்கறான், "அடுத்த சனிக்கிழமை ஜெட் மோஷன் மட்டும்? பந்து வாங்க மாட்டேன், ப்ராமிஸ்."

போய் சைக்கிளை மிதிடான்னு சொல்லிட்டேன்.