பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர் எம்.பி. தேர்தலில் நிற்கலாமா?

"தம்பி, நான் எம்.பி.க்கு நிக்கணும்னா இந்தப் பள்ளிக்கூடப் பொறுப்பை விட்டுரணுமா?"

கேட்டவர் எனக்கு மதினி முறை. ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தில் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. மடியில் சுளகு, கையில் பீடி இலை. விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கு ஒரு கழிப்பறை வாங்க எத்தனையோ படி ஏறி இறங்கியவர். இனி மேலே போய்த்தான் கேட்க வேண்டும் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

விட வேண்டியதில்லை. ஆனால் ஏன் வேண்டியதில்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. வேட்புமனுப் பரிசீலனை அன்று யாராவது ஆட்சேபம் கிளப்பினால் பதில் சொல்ல வேண்டுமே.

முதலில், பள்ளி மேலாண்மைக் குழு என்றால் என்ன? 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-வது பிரிவு இதை உண்டாக்கியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். சம்பளம் கிடையாது. பள்ளிப் பணம் வந்து போகும் வங்கிக் கணக்கில் தலைவி கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பணம் பள்ளியுடையது, அவருடையது அல்ல.

சிக்கல் எங்கே வரும் என்றால் அரசியலமைப்பின் 102-வது பிரிவில். அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் எம்.பி. ஆக முடியாது என்கிறது அது. இந்த 'ஆதாயம்' என்ற சொல்லை லேசாக நினைக்கக் கூடாது. உத்தரப்பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவராக இருந்த ஜெயா பச்சன் 2006-ல் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். நான் அந்தப் பதவிக்கான பணத்தை வாங்கவே இல்லை என்று சொல்லிப் பார்த்தார், உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கினாயா என்பது கேள்வி இல்லை, வாங்க உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி. மேலாண்மைக் குழுவில் அப்படி வாங்க ஒன்றுமே இல்லை. பயணப்படி மாதிரி செலவை ஈடுகட்டும் தொகை மட்டும் தரும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு 1959-ம் ஆண்டின் தகுதியிழப்புத் தடுப்புச் சட்டம் விலக்கும் கொடுக்கிறது. மதினிக்கு இரட்டைப் பூட்டுப் பாதுகாப்பு.

அதே குழுவில் உட்கார்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் கதை வேறு. அவர் அரசு ஊழியர். வேலையை ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட பிறகுதான் மனுவைப் பற்றி நினைக்க வேண்டும்.

அப்புறம் ஒப்பந்தம். குழுவில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர் மாநில அரசு வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர் என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு ஒப்பந்தக்காரர்களைத் தடுக்கிறது. ஆனால் எம்.பி. பதவிக்கு மத்திய அரசோடு உள்ள ஒப்பந்தம் மட்டுமே தடை, எம்.எல்.ஏ. பதவிக்கு மாநில அரசோடு உள்ளது தடை. ஆக, மாநில ஒப்பந்தம் கையில் இருக்கும்போது அண்ணாச்சி எம்.பி.க்கு நிற்கலாம், எம்.எல்.ஏ.க்கு நிற்க முடியாது! கேட்டால் சிரிப்பாக இருக்கும், சட்டம் அப்படித்தான்.

சரி, எந்தத் தொகுதி? இதில்தான் நம் பக்கத்து ஆட்கள் குழம்புவார்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம் அந்த மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆனால் மக்களவைக்கு ஆலங்குளம் இன்னமும் திருநெல்வேலித் தொகுதிதான், திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரத்தோடு சேர்த்து. ரேஷன் கார்டில் தென்காசி மாவட்டம் என்று இருந்தாலும், மதினி மனு கொடுக்கப் போக வேண்டியது கொக்கிரகுளத்துக்கு, நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு. தென்காசி மக்களவைத் தொகுதியோ பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி. அங்கே மற்றவர்கள் நிற்க முடியாது. பொதுத் தொகுதி என்றால் இந்தியாவில் எந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தாலும் இங்கே நிற்கலாம். வெளித்தொகுதி ஓட்டு என்றால் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். வயது 25 நிரம்பியிருக்க வேண்டும்.

இனி முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேருக்கும் ஓட்டு இந்தத் தொகுதியிலேயே இருக்க வேண்டும். மதினி கடகடவென்று பத்துப் பெயர் சொன்னார். பட்டியலை எடுத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கு ஓட்டு கடையநல்லூரில், ஒருத்திக்குச் சங்கரன்கோவிலில். கட்டிக்கொடுத்துப் போன பிள்ளைகள், இரண்டு ஊருமே தென்காசித் தொகுதி. மூன்று பேர் குறைந்தால் மனு அங்கேயே படுத்துவிடும். ஒவ்வொருவருடைய பாகம் எண், வரிசை எண்ணையும் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்து எழுதுங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். கைநாட்டு வைக்கிற பாட்டியைச் சேர்த்தால், தேர்தல் அலுவலர் முன்னிலையில் வைக்க அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்து 26-ம் படிவம், சொத்து, கடன், வழக்கு எல்லாம் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது. இல்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். கணவர் பெயரில் உள்ளதையும் சொல்ல வேண்டும். "கூட்டுறவு பேங்குல வச்ச சங்கிலி சொத்தா கடனா?" என்று கேட்டார் மதினி. இரண்டும்தான். சங்கிலி எத்தனை கிராம் என்பது ஒரு பக்கம், நகைக்கடன் பாக்கி இன்னொரு பக்கம். மகளிர் குழுக் கடனும் வரும்.

மனுவை வாங்குவது காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரைதான். கடைசி நாள் வரை காத்திருக்கும் சுயேச்சைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். முதல் நாளே போனால்தான் குறையைச் சொல்லித் திருத்த நேரம் கிடைக்கும். மனுவுக்கு ஒரு நாளாவது முன்னால் தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். மனு கொடுத்ததும், அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை எடுத்துவிட வேண்டும், பரிசீலனைக்கு முந்தின நாள் தாண்டினால் போச்சு.

டெபாசிட் 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 12,500. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் திரும்ப வரும். 2024-ல் நெல்லையில் ஜெயித்த ராபர்ட் புரூஸுக்கும் அடுத்து வந்த நயினார் நாகேந்திரனுக்கும் மட்டும்தான் அது திரும்பியது. சீட்டுப் பிடித்து 25,000 கட்டுவதாக இருந்தால், அது போன பணம் என்று நினைத்துக் கட்டுங்கள்.

செலவு வரம்பு 95 லட்சம். மதினிக்கு அந்த எண் பொருட்டில்லை, கணக்குதான் பொருட்டு. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை என்றாலும், முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். தோற்றதும் வெறுத்துப்போய் இதை விட்டவர்கள் மூன்று ஆண்டு வரை தேர்தலில் நிற்கும் தகுதியை இழக்கலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இலையை நறுக்கிக்கொண்டே மதினி கேட்டார்: "ஒருவேளை ஜெயிச்சுட்டா, பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வரலாமா?"

வரலாம். பையன் அந்தப் பள்ளியில் படிக்கிற வரைக்கும்.